என் பங்குப் பன்னிரண்டு வார்த்தைகள்

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலை ஆறு மணிக்குத் தண்ணீர் விட்டார்கள். தொட்டி நிரம்பி வழிந்தும் என் மனைவி தெய்வானை மோட்டாரை நிறுத்தவில்லை. கேட்டால், "நீங்கதானுங்களே பக்கத்துல நின்னீங்க" என்கிறாள். பிரஷர் மாத்திரை தீரப்போகிறது, நாளைக்கு வாங்கவேண்டும்.

பத்தேகாலுக்கு மருமகள் ஜீவிதாவும் பேத்தி மிதுனாவும் கோயமுத்தூரிலிருந்து வந்து சேர்ந்தார்கள். இன்று கவர் சரிபார்ப்பு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ஜீவிதாவுக்கு ஆஸ்பத்திரியில் லீவு கிடைக்கும் ஞாயிறாகப் பார்த்து வைத்திருக்கிறேன்.

என்றைக்காவது இந்த டைரியை யாராவது தணிக்கை செய்தால் புரியவேண்டும் என்பதற்காக ஒருமுறை விவரமாக எழுதிவைக்கிறேன். என் மகன் நந்தகுமார் கிரிப்டோ காசு வாங்கிவைத்திருந்தான். எவ்வளவு என்பதை எழுதமாட்டேன். அதைத் திறக்கும் சாவி இருபத்து நான்கு ஆங்கில வார்த்தைகள். வரிசை மாறாமல் கொடுத்தால் திறக்கும், ஒன்று குறைந்தாலும் திறக்காது. மறந்துபோனால் முறையிட மேனேஜரும் கிடையாது, தலைமை அலுவலகமும் கிடையாது. நான் முப்பத்தோரு வருஷம் பேங்கில் இருந்தவன், கடைசிப் பதினாறு வருஷம் ஹெட் கேஷியர். பெட்டக அறைக்கு இரண்டு சாவி, இரண்டு ஆள். தனியாக ஒருவர் திறக்கமுடியாது. இதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பையன், முதல் பன்னிரண்டு வார்த்தைகளை ஒரு கவரில் போட்டு எனக்கும், பின் பன்னிரண்டை இன்னொரு கவரில் போட்டு ஜீவிதாவுக்கும் கொடுத்தான். "உங்க பேங்க் முறைதானுங்கப்பா" என்று சிரித்தான். அடுத்த வருஷம் டெங்கு வந்து ஐந்தே நாளில் போய்விட்டான். மூன்று வருஷம் ஆகிறது.

சரிபார்ப்பில் சிக்கல் எதுவுமில்லை. அவள் தன் கவரைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அரக்கு உடையாமல் இருக்கிறதா என்று பார்த்தேன், என்னுடையதை அவள் பார்த்தாள். இருவரும் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டோம். வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் பிரித்து, மை மங்கியிருக்கிறதா என்று அவரவர் பார்த்து, மறுபடி சீல் வைப்போம்.

"பத்து நிமிச வேலைக்கு அந்தப் புள்ள பஸ்ஸுல மூணு மணி நேரம் குலுங்கிட்டு வரணுமா?" என்றாள் தெய்வானை. முறை என்றால் முறை.

மிதுனா மூன்றாம் வகுப்பு. பூரி நான்கு சாப்பிட்டாள். என்னுடைய பழைய ரப்பர் ஸ்டாம்புகளையெல்லாம் காகிதத்தில் குத்தித் தள்ளினாள். நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஜீவிதா போன் செய்தாள். நந்து வாங்கிய காசு இரண்டாகப் பிரியப்போகிறதாம். ஃபோர்க் என்கிறார்கள். பிளாக்செயின் என்பது ஊருக்கே பொதுவான ஒரு பேரேடு. அதை எழுதுகிறவர்களுக்குள் சண்டை. அக்டோபர் மூன்றாம் தேதிவரை ஒரே பேரேடு, அதற்குப் பிறகு இரண்டு கட்சியும் தனித்தனிப் பேரேடு எழுதுவார்கள். அன்றுவரை இருந்த இருப்பு இரண்டிலும் அப்படியே இருக்கும். நான் இதைப் பழைய கிளை, புதிய கிளை என்று எழுதிக்கொள்கிறேன். நமக்கு அந்தப் பழக்கம்தான்.

"ரெண்டுலயும் நமக்கு இருக்குமுங்க மாமா. ஆனா அதே வார்த்தைதான் ரெண்டையும் தெறக்கும். ஒரு பக்கம் நகர்த்துனா இன்னொரு பக்கம் நகராது, தனித்தனியா நகர்த்தணும்."

இந்தக் காசை ஆரம்பித்தவர்களே புதிய கிளைக்குப் போய்விட்டார்கள், அதுதான் அசல், பழையது இரண்டு வாரத்தில் நின்றுவிடும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. எங்கள் பேங்க் இன்னொரு பேங்கோடு இணைந்தபோதும் இப்படித்தான். ஒரு திங்கட்கிழமை காலையில் பழைய லெட்ஜரெல்லாம் எடைக்குப் போடும் காகிதமாகிவிட்டது.

போனை வைப்பதற்கு முன்னால் இன்னொன்றும் சொன்னாள். கோயமுத்தூரில் கணபதி பக்கத்தில் ஒரு சின்ன ஃப்ளாட் பார்த்திருக்கிறாளாம். இரண்டு அறை. ஃபோர்க் முடிந்ததும் விற்று அதை வாங்கிவிடலாம் என்று இருக்கிறாளாம். பார்க்கலாம் என்றேன். போன வருஷமும் இப்படி ஒன்று சொன்னாள். விலை ஏறட்டும் என்று சொல்லியிருந்தேன்.

செப்டம்பர் 10, புதன்

ரேஷனில் துவரம்பருப்பு இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

அபீபுல்லா வந்தார். பதினோரு வருஷம் பெட்டகத்தின் இன்னொரு சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. அவர் லீவு போட்டால் பேங்கே திறக்காது என்று நான் கிண்டல் செய்வேன். ஃபோர்க்கைப் பற்றி விளக்கினேன்.

"பேங்க் இணைப்புன்னா மேலேருந்து ஆர்டர் வரும் நாச்சி. இதுல ஆர்டர் போடறது யாரு?"

"ஆரம்பிச்சவங்களே சொல்லிட்டாங்க."

"ஆரம்பிச்சவன் சொன்னா ஆச்சா? ஜனங்க எந்தப் பக்கம் போறாங்கன்னுல்ல பாக்கணும்" என்றார்.

இந்த மனுஷனுக்கு எதிலும் ஒரு குதர்க்கம். ரிட்டயர் ஆகியும் போகவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஜீவிதா போன். ஃபோர்க் முடிந்ததும் புதிதாக வார்த்தைகள் உருவாக்கும்போது, அவற்றை இரண்டாகப் பிரிக்காமல் முழுவதும் அவளே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். சிக்னல் சரியில்லை. பேச்சைச் சுருக்கிக்கொண்டேன்.

தெய்வானை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "நல்லாத்தானே கேட்டுச்சு, எனக்கே இங்க வரைக்கும் கேட்டுச்சு" என்றாள். அவளுக்குக் காது அப்படி.

அக்டோபர் 4, சனி

வந்துவிட்டார்கள். காலாண்டு லீவாம், இரண்டு ராத்திரி தங்குவார்கள்! காலையிலேயே போய் நாட்டுக்கோழி வாங்கி வந்தேன். மிதுனாவுக்கு முன்பல் இரண்டு விழுந்திருக்கிறது. சிரித்தால் நந்துவேதான். அமராவதிப் பாலம் வரைக்கும் நடந்து போய்த் தண்ணீர் பார்த்துவிட்டு வந்தோம்.

ஜீவிதா ஒரு கருவி வாங்கி வந்திருக்கிறாள். பென்டிரைவ் அளவுதான் இருக்கிறது. அதில் வார்த்தைகளைக் கொடுத்தால் காசை நகர்த்தலாம்.

அக்டோபர் 5, ஞாயிறு

நடவடிக்கைக் குறிப்பு. காலை 11:10 மணிக்கு இரண்டு கவர்களும் இருவர் முன்னிலையில் திறக்கப்பட்டன. முதலில் கருவியில் புதிய வார்த்தைகள் இருபத்து நான்கு உருவாக்கினோம். பிறகு பழைய வார்த்தைகளைக் கொடுத்தோம். நான் அழுத்தும்போது ஜீவிதா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள், அவள் அழுத்தும்போது நான் திரும்பி நின்றேன். தெய்வானை இதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

புதிய கிளையில் இருந்தது முழுவதையும் புதிய வார்த்தைகளுக்கு மாற்றியாகிவிட்டது. பழைய கிளையில் முயற்சி செய்தோம், அசையவே இல்லை. எழுத ஆளில்லாமல் நின்றுகிடக்கிறது. நான் சொன்னது சரியாகப் போயிற்று. வேலை முடிந்ததும் கருவியில் பதிந்ததையெல்லாம் துடைத்துவிடச் சொன்னேன். வார்த்தைகள் கவருக்குள் மட்டும்தான் இருக்கவேண்டும். துடைத்தாள்.

புதிய வார்த்தைகளை வழக்கம்போலப் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்து சீல் வைத்தோம். முழுவதும் தனக்கு வேண்டும் என்ற பேச்சை அவள் மறுபடி எடுத்தாள். நந்து செய்துவைத்த ஏற்பாட்டை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை என்றேன். சரிங்க மாமா என்றாள். நல்ல பெண். விற்பதைப் பற்றித் தை மாதம் பேசலாம் என்றேன். அதுவரை ஃப்ளாட்காரர் பொறுக்கமாட்டாராம். இந்த ஃப்ளாட் போனால் இன்னொரு ஃப்ளாட்.

பழைய கவர்களைப் பற்றி ஜீவிதா ஏதோ சொன்னாள். அது இருக்கட்டும்.

அக்டோபர் 6, திங்கள்

மூன்று மணி பஸ்ஸில் போனார்கள். மிதுனா பஸ் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக்கொண்டே போனாள். அடுத்த சரிபார்ப்பு எப்போது என்று அவளே கேட்டாள். நவம்பர் 23 என்றேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

பூட்டு மாற்றினால் பழைய சாவியைச் சாட்சி முன்னிலையில் அழித்துவிடவேண்டும். அதுதான் விதி. பழைய சாவியைச் சும்மா வைத்திருந்தால் என்றைக்கும் ஆபத்துதான்.

அபீபுல்லாவை வரச் சொன்னேன். கொல்லையில் துணி துவைக்கிற கல்லின் மேல் வைத்து என்னுடைய பழைய கவரைக் கொளுத்தினேன். சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் கரைத்தேன். அழிப்புச் சான்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினேன். போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டியபோது, "அந்தப் பொண்ணு ஒத்துக்கிச்சா?" என்று கேட்டார்.

"முறை தெரிஞ்ச பொண்ணு" என்றேன்.

காபி குடித்துவிட்டுப் போனார். கொல்லையில் புகை வாசம் சாயங்காலம் வரை போகவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஜீவிதாவும் மிதுனாவும் வரவில்லை. அவர்கள் தங்கியிருக்கும் ஜீவிதாவின் அண்ணன் வீட்டில் விருந்தாளிகளாம், சமையலுக்கு ஆள் வேண்டுமாம். வெடி வாங்கிவைத்தது அப்படியே இருக்கிறது. அதிரசம் வேகவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

மழை. புதிய கிளையின் விலை நான்கு நாளாக இறங்குகிறது. ஆரம்பத்தில் எல்லாமே இப்படித்தான் ஆடும். பேங்க் இணைப்பின்போதும் ஷேர் விழுந்து எழுந்தது.

நவம்பர் 7, வெள்ளி

இன்னும் இறங்குகிறது. பழைய கிளை ஓட ஆரம்பித்துவிட்டதாம். சண்டை போட்டுப் பிரிந்தவர்களில் பாதிப் பேர் பழையதற்கே திரும்பிவிட்டார்கள் என்று செய்தி. செய்தியில் ஆயிரம் வரும்.

பிரஷர் பார்த்தேன். 160.

நவம்பர் 12, புதன்

காலை ஒன்பது மணிக்கு ஜீவிதா போன் செய்தாள். அவள் குரலில் இவ்வளவு சந்தோஷத்தை நான் நந்து போனதற்குப் பிறகு கேட்டதே இல்லை.

"மாமா, பாத்தீங்களா? புதுசு அவ்வளவுதானுங்க, வாங்கறதுக்கே ஆளில்ல. பழசுதான் நின்னுச்சு. முன்னாடி இருந்ததைவிட விலை ஏறியிருக்குது. நல்லவேளை, பழசுல நம்முது அப்படியே இருக்குது. ஞாயித்துக்கெழம வர்றேனுங்க. ரெண்டு பழைய கவரையும் வெச்சு எடுத்துரலாம். ஃப்ளாட்காரர்கிட்ட கையக் கால புடிச்சு மாசக் கடைசி வரைக்கும் டைம் வாங்கியிருக்கேன்."

எனக்குக் காய்ச்சல், இந்த ஞாயிறு வேண்டாம் என்றேன்.

நவம்பர் 13, வியாழன்

தெய்வானை நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "காச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல. என்னத்த மறைக்கறீங்க?" என்றாள். மழைக்கு உடம்பு வலி என்றேன்.

நவம்பர் 15, சனி

ஞாபகம் வருகிறது. நந்துவின் கையெழுத்தில் வரிசை எண் போட்டு, ஒன்றின் கீழ் ஒன்றாக. நீல மை. மூன்றாவது வார்த்தை ஒரு மிருகம், ஏழாவது ஒரு பாத்திரம். நான்காவது நிச்சயமாகத் தெரியும். இங்கே எழுதமாட்டேன். சாவியை டைரியில் எழுதிவைக்கிறவன் கேஷியரே அல்ல.

நவம்பர் 16, ஞாயிறு

அந்த வார்த்தைகள் எல்லாமே இரண்டாயிரத்துச் சொச்சம் வார்த்தைகள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்துதான் எடுக்கப்படுமாம். ஜெராக்ஸ் கடையில் அதை அச்செடுத்து வாங்கிவந்து, காலையிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். தெரிந்தது மாதிரி இருப்பதற்கெல்லாம் பென்சிலில் டிக் போட்டேன். மதியச் சாப்பாட்டுக்குள் இருநூற்றுக்கு மேல் டிக். சாப்பிட்ட பிறகு படித்தால் டிக் போடாததெல்லாம்கூடத் தெரிந்தது மாதிரி இருக்கிறது. ஐந்து வார்த்தை நிச்சயம். ஏழு இல்லை.

இந்த ஞாயிறு அவர்கள் வந்திருக்கவேண்டிய நாள்.

நவம்பர் 19, புதன்

பேரேடு பொதுவானது என்பதால் கணக்கு எண்ணைக் கொடுத்தால் இருப்பை யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கலாம். பார்த்தேன். பழைய கிளையில் நந்து வைத்தது வைத்தபடி இருக்கிறது. ஒரு காசு குறையவில்லை. யாரும் திருடவில்லை. யாரும் இனி திருடவும் முடியாது.

முப்பத்தோரு வருஷத்தில் என் கௌண்டரில் ஒரு நோட்டு குறைந்ததில்லை. இப்படி ஒரு பாதுகாப்பை நான் எந்த பேங்கிலும் பார்த்ததில்லை. காலையிலிருந்து ஆறு தடவை பார்த்துவிட்டேன்.

நவம்பர் 20, வியாழன்

ஏழு தடவை.

நவம்பர் 22, சனி

ஜீவிதா போன். நாளைக்குச் சரிபார்ப்பு நாள், பழைய கவரையும் கொண்டுவருகிறேன் என்றாள். திருச்சியில் ஒரு கல்யாணம், நான் ஊரில் இருக்கமாட்டேன் என்றேன். "மாமா, உங்களுக்கு விக்கறதுல இஷ்டமில்லீங்களா? அப்படின்னா நேரா சொல்லிருங்க" என்றாள். கோபமாக இல்லை. களைத்துப்போன குரல். மிதுனா போனை வாங்கி, "தாத்தா, நாளைக்கு நான் வர்றேன்னு பையெல்லாம் எடுத்து வெச்சுட்டேன்" என்றாள்.

கல்யாணம் முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நவம்பர் 26, புதன்

அபீபுல்லா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அலமாரியிலிருந்து அழிப்புச் சான்றின் நகலை எடுத்து மேஜையில் வைத்தார். பத்திரமாக வைத்திருக்கிறார், நல்ல ஆள்.

"பூட்டு மாத்தினா பழைய சாவியை அழிக்கணும், சரி. ஆனா நாச்சி, அதே சாவியில தொறக்கற ரெண்டாவது பெட்டகம் ஒண்ணு இருந்தா, அதைக் காலி பண்றதுக்கு முன்னாடி நம்ம பேங்குல சாவியை அழிப்பாங்களா?"

அழிக்கமாட்டார்கள். எனக்கு அது தெரியும். அன்றைக்கும் தெரியும்.

"அப்ப எதுக்குய்யா எரிச்சே?" என்றார்.

எழுந்து வந்துவிட்டேன். வழியில் தெய்வானை சொன்ன கொத்தமல்லியை வாங்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 27, வியாழன்

சாயங்காலம் தெய்வானை என் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். ஜெராக்ஸ் பட்டியல் அவள் கையில். பென்சில் டிக்கெல்லாம் பார்த்திருக்கிறாள். "தூக்கத்துல இங்கிலீஷ்ல பொலம்பறீங்க. இனி மறைச்சீங்கன்னா நான் ஜீவிகிட்டயே கேட்டுருவேன்" என்றாள்.

சொன்னேன். எரித்தது வரைக்கும் சொன்னேன்.

அவள் அழவில்லை. "அன்னைக்கு அவ உங்ககிட்ட என்ன கேட்டா? நான் வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருந்தேன். என் காதுல விழுந்துச்சு" என்றாள்.

அக்டோபர் ஐந்தாம் தேதி நான் எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். ஜீவிதா சொன்னது இதுதான்: "பழசு ஒருவேளை மறுபடி ஓடுனாலும் ஓடுமுங்க மாமா, ரெண்டு மாசம் பொறுத்துப் பாக்கலாம். புதுசுதான் பிரிச்சு வெச்சுட்டீங்க. செத்துப்போனதுன்னு நீங்களே சொல்ற அந்தப் பழைய கவரையாவது எங்கிட்டக் குடுங்க, நானே வெச்சுக்கறேன்." நான் குடுக்கமாட்டேன் என்றேன். பழையதை அழிப்பதுதான் முறை என்றேன். அவள், "அழிக்க மட்டும் செய்யாதீங்க மாமா" என்றாள். இரண்டு தடவை சொன்னாள்.

"போன்ல வேண்டாம். நேராப் போயி, அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க" என்று தெய்வானை எழுந்து போய்விட்டாள். ராத்திரிச் சமையல் இல்லை.

நவம்பர் 30, ஞாயிறு

ஆறரை மணி பஸ். காங்கேயம் வழி. கணபதியில் இறங்கி முகவரியை மூன்று பேரிடம் விசாரித்தேன். மூன்று வருஷத்தில் நான் அந்த வீட்டுக்குப் போவது இதுதான் முதல் தடவை. எப்போதும் அவர்களைத்தான் வரச் சொல்லியிருக்கிறேன்.

ஜீவிதாவின் அண்ணனுக்கு மோட்டார் பம்பு வியாபாரம். வீடு பெரிய வீடு. கீழே ஹாலில் யாரோ நாலைந்து பேர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஜீவிதா டம்ளர் தட்டோடு சமையலறையிலிருந்து வந்தவள் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். வந்திருந்தவர்களில் ஒருவர் யாரு என்று கேட்டார். "நந்துவோட அப்பாங்க" என்றாள். என் மாமனார் என்று சொல்லவில்லை. கவனித்தேன்.

மாடிக்கு அழைத்துப் போனாள். படிக்கட்டின் திருப்பத்தில் மிதுனா பாய் விரித்து உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அறைக்குள் ஏன் உட்காரவில்லை என்று கேட்டேன். உள்ளே போனதும் தெரிந்தது. தகரக் கூரை. முக்கால்வாசி இடத்தைப் பம்பு அட்டைப்பெட்டிகள் அடைத்துக்கொண்டிருந்தன, கூரை உயரத்துக்கு. ஜன்னலையும் மறைத்துத்தான் அடுக்கியிருந்தார்கள். மீதி இடத்தில் ஒரு கட்டில். காலையிலேயே புழுக்கம். பெட்டி எடுக்க ஆட்கள் எந்நேரமும் வருவார்களாம், அதனால் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது.

"கீழே எல்லாரும் இருக்கறப்ப பாப்பா ஹால்ல படிக்க முடியாதுங்க. இங்க லைட்டு பத்தாது. படிக்கட்டுல நல்ல வெளிச்சம்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

நான் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். தேதி, இடம், சாட்சி எல்லாம் சொன்னேன். அதிகாரி முன்னால் விளக்கம் கொடுப்பது போலத்தான் எனக்குப் பேச வந்தது. என் பேச்சைக் கேட்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

அவள் நின்றுகொண்டே கேட்டாள். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்து, அவளுடைய பழைய கவரை எடுத்துப் பார்த்தாள். அரக்கு அப்படியே இருந்தது. "என்னோட பன்னெண்டு இருக்குதுங்க மாமா" என்றாள். அவ்வளவுதான். அப்புறம் அதை உள்ளே வைத்துவிட்டாள்.

புதிய கிளையின் என் பங்குக் கவரைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். இதை முழுவதும் நீயே வைத்துக்கொள் என்றேன்.

"அதுல ஒரு மாசப் பால் வாங்கக்கூட ஆகாதுங்க."

"அப்ப நீயும் பாப்பாவும் கரூருக்கே வந்துருங்க ஜீவி. நம்ம வீட்டு மாடி சும்மாதானே கெடக்குது."

"இன்னொரு வீட்டு மாடிங்களா?" என்றாள்.

கீழே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வர்றேன் என்று குரல் கொடுத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க மாமா. தெரியாம எரிச்சிட்டீங்கன்னு வெச்சுக்கறேன். ஆனா அன்னைக்குக் கவரைக் கேட்டனே, செத்த காகிதம்னு நீங்களே சொன்னது. அதை எதுக்குக் குடுக்கல?"

பஸ்ஸில் வரும்போது இதற்கு நான்கைந்து பதில் தயார் செய்துவைத்திருந்தேன். அவற்றை விட்டுவிட்டேன்.

"ரெண்டு பாதியும் உங்கிட்ட வந்துட்டா, நீ வர்றதுக்குக் காரணம் இல்லாமப் போயிரும்னு நெனச்சேன்" என்றேன். "பாப்பாவைப் பாக்க முடியாம போயிரும்னு."

அவள் என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"வந்திருப்பேனுங்க மாமா. உங்களுக்கு ஆரு இருக்கறாங்கன்னு, ஒரு கவரும் இல்லாமயே வந்திருப்பேன். இப்பத்தான் வரமாட்டேன்."

அதற்குப் பிறகு கீழே போய் ஒரு தட்டில் இட்லி வைத்துக்கொண்டு வந்தாள். சாப்பிட்டுட்டுப் போங்க என்றாள். நான் சாப்பிட்டேன். சட்னி போட்டாள், தண்ணீர் வைத்தாள், பக்கத்திலேயே நின்றாள். மிதுனா படிக்கட்டிலிருந்தே, "தாத்தா, அடுத்த சரிபார்ப்பு எப்போ?" என்று கேட்டாள். ஜீவிதா முந்திக்கொண்டு, "கணக்கை முடி சாமி" என்றாள்.

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். தெய்வானை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். "என்ன சொன்னா?" என்று கேட்டாள்.

"சாப்பிட்டுட்டுப் போகச் சொன்னா" என்றேன். அதுவும் பொய்யில்லை.